மாற்கு நற்செய்தி எங்கே முடிகிறது?



இந்தப் பாஸ்கா காலத்தில் எங்கள் பங்கின் அன்பியக் கூட்டம் ஒன்றில் மாற்கு நற்செய்தியின் கடைசி அதிகாரத்தை வாசித்தோம். வாசித்து முடித்ததும் அறுபது வயதைக் கடந்த ஒரு தாய் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: “சாமி, இந்த 9ஆம் வசனத்துலேருந்து கடைசி வரைக்கும் அடைப்புக்குறி போட்டிருக்காங்களே, ஏன்? பழைய பிரதிகள்ல இது இல்லைன்னு கீழே சின்ன எழுத்துல வேற இருக்கு. எம்மகன் போன்ல எதையோ பார்த்துட்டு வந்து, பைபிளையே மாத்திட்டாங்கம்மா, உங்க சாமிமாருக்கும் அது தெரியும், ஆனா சொல்ல மாட்டாங்கன்னு சொல்றான். நெசமா?”

தேநீர் வந்துவிட்டது. தட்டிக்கழிக்க நல்ல வாய்ப்பு. ஆனால் “தெரியும், சொல்ல மாட்டாங்க” என்ற சொல் என்னைக் குத்தியது. அதில் பாதி உண்மை இருந்தது. குருமடத்தில் இதைப் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறேன். குருவாகிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் பீடத்திலிருந்து ஒருமுறைகூட இதைப் பற்றிப் பேசியதில்லை. மக்கள் குழம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். மக்கள் போனைப் பார்த்துக் குழம்புவதைவிட, பங்குச் சாமி சொல்லித் தெரிந்துகொள்வது நல்லது அல்லவா? எனவே அன்று அந்தத் தாய்க்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் சுவடிகளின் செய்தி. நம்மிடம் உள்ள முழு விவிலியச் சுவடிகளில் மிகப் பழமையானவை இரண்டு. இரண்டும் 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் தோல் ஏடுகளில் எழுதப்பட்டவை. ஒன்று வத்திக்கான் சுவடி. 15ஆம் நூற்றாண்டிலிருந்தே அது வத்திக்கான் நூலகத்தில் இருந்துவருகிறது. மற்றொன்று சீனாய் மலையடிவாரத்திலுள்ள புனித கத்தரீன் துறவுமடத்தில் 19ஆம் நூற்றாண்டில் வெளிச்சத்துக்கு வந்த சீனாய் சுவடி. அதன் பெரும்பகுதி இன்று இலண்டனில் இருக்கிறது. இந்த இரண்டிலும் மாற்கு நற்செய்தி 16:8இல் முடிந்துவிடுகிறது. கல்லறைக்கு வந்த பெண்கள் நடுநடுங்கி ஓடுகிறார்கள். அச்சத்தால் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அவ்வளவுதான். உயிர்த்த இயேசுவை யாரும் கண்ணால் காணும் காட்சி ஒன்றுகூட இல்லை.

வத்திக்கான் சுவடியில் இன்னொரு வியப்பும் உண்டு. அதில் மாற்கு நற்செய்தியின் பக்கங்களில் மூன்று பத்திகள். மாற்கு இரண்டாம் பத்தியில் முடிகிறது. வழக்கப்படி அடுத்த நூல் மூன்றாம் பத்தியில் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பத்தி முழுவதும் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. எழுதியவருக்கு வேறொரு முடிவும் தெரிந்திருந்ததால் இடம் விட்டாரா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

அப்படியானால் 9 முதல் 20 வரையுள்ள பன்னிரண்டு வசனங்கள் யாரோ அண்மையில் நுழைத்தவையா? இல்லை. ஏறத்தாழ 180ஆம் ஆண்டிலேயே லியோன் நகர ஆயர் புனித இரேனியுஸ், மாற்கின் இறுதிப் பகுதி என்று சொல்லியே 19ஆம் வசனத்தை எடுத்துக்காட்டுகிறார். நம் கையிலுள்ள அந்த இரு சுவடிகளையும்விட இந்தச் சான்று பழையது. அதேவேளை 4ஆம் நூற்றாண்டில் திருஅவை வரலாற்றை எழுதிய யூசேபியுஸ், துல்லியமான பிரதிகள் 8ஆம் வசனத்தோடு முடிகின்றன என்கிறார். அந்தப் பகுதி பெரும்பாலான கிரேக்கப் பிரதிகளில் இல்லை என்பது புனித எரோணிமுசுக்கும் தெரியும். தெரிந்தும் தம் இலத்தீன் விவிலியத்தில் அதைச் சேர்த்துக்கொண்டார். ஆக, 1600 ஆண்டுகளுக்கு முன்பே ஆயர்களும் மறைவல்லுநர்களும் இதை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

இந்த வசனங்களின் நடையும் வேறு. மகதலா மரியாவை 16ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே சந்தித்துவிட்டோம். ஆனால் 9ஆம் வசனம், ஏழு பேய்கள் நீங்கப் பெற்றவர் என்று அவரைப் புதிதாக அறிமுகப்படுத்துகிறது. எம்மாவு வழியில் நடந்ததைப் போன்ற செய்தி இரண்டே வரியில் வந்து போகிறது. மற்ற நற்செய்திகளில் விரிவாக உள்ளவற்றை ஒருவர் சுருக்கித் தொகுத்ததுபோல் இருக்கிறது. மாற்கு எழுதியது 8ஆம் வசனம் வரை, எஞ்சியது தொடக்கத் திருஅவையில் வேறொரு கை எழுதியது என்பதே இன்று கத்தோலிக்க அறிஞர்கள் உட்பட பெரும்பாலோரின் கருத்து.

யார் எழுதினார் என்பது ஒரு கேள்வி. அது இறைவார்த்தையா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பயம் வருகிறது. 1546 ஏப்ரல் 8ஆம் நாள் திரிதெந்து பொதுச்சங்கம், திருஅவையில் வழக்கமாக வாசிக்கப்பட்டுவந்த விவிலிய நூல்களை அவற்றின் எல்லாப் பகுதிகளோடும் திருநூலாக ஏற்க வேண்டும் என்று அறிவித்தது. எனவே அந்தப் பன்னிரண்டு வசனங்களும் நமக்கு இறைவார்த்தையே. ஏப்ரல் 25இல் புனித மாற்கின் திருநாளிலும், டிசம்பர் 3இல் புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருநாளிலும் திருப்பலியில் நாம் கேட்கும் நற்செய்தி இந்தப் பகுதியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

அந்தத் தாய்க்கு இவ்வளவு சொன்னாலே போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் என் மனத்தில் நெடுநாளாகக் கிடக்கும் கேள்வி வேறு. மாற்கு ஏன் பயத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்? கடைசி ஏடு கிழிந்து தொலைந்தது என்பார் உண்டு. கைதாகி முடிக்க முடியாமல் போனது என்பாரும் உண்டு. மாற்கு அறிந்தே அங்கே நிறுத்தினார் என்று நான் நினைக்கிறேன். அந்த நற்செய்தி கட்டப்பட்டிருக்கும் விதத்தைப் பார்த்தே இப்படிச் சொல்கிறேன்.

மாற்கு பெரிய எழுத்தாளர் அல்ல என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அவருடைய கிரேக்கம் எளிமையானது. மூச்சுக்கு மூச்சு ‘உடனே, உடனே’ என்று ஏறக்குறைய நாற்பது முறை வருகிறது. ஆனால் பூக்கட்டுகிறவர் மல்லிகைக்கு நடுவே மரிக்கொழுந்தை வைத்துக் கட்டுவது போல, ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, வேறொன்றை நடுவில் வைத்து, மறுபடி முதல் நிகழ்ச்சிக்கு வருவது அவருக்குக் கைவந்த கலை. யாயிரின் மகளைக் குணமாக்கப் போகும் வழியில் பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கால் வருந்திய பெண் குறுக்கிடுகிறார். அந்தச் சிறுமிக்கும் வயது பன்னிரண்டு. நற்செய்தியின் நடுப்பகுதியில், பெத்சாய்தாவில் ஒரு பார்வையற்றவரும் எரிக்கோவில் பர்த்திமேயுவும் பார்வை பெறுகிறார்கள். இந்த இரண்டுக்கும் இடையில்தான் இயேசு தம் பாடுகளை மூன்று முறை முன்னறிவிக்கிறார். மூன்று முறையும் சீடர்களுக்கு அது விளங்கவில்லை. கண் தெரியாதவர்கள் உண்மையில் யார் என்று மாற்கு வாயால் சொல்வதில்லை.

இந்தக் கலை உச்சத்தைத் தொடுவது பேதுரு மறுதலிக்கும் இடத்தில். பேதுரு தலைமைக்குருவின் முற்றத்தில் தீக்காய்ந்துகொண்டிருக்கிறார். அவரை அங்கேயே உட்காரவைத்துவிட்டு மாற்கு நம்மை உள்ளே அழைத்துப்போகிறார். உள்ளே தலைமைச் சங்கத்தின் முன் இயேசு, உயிர் போகும் என்று தெரிந்தும், தாம் யார் என்பதை ஒளிக்காமல் சொல்கிறார். உடனே மாற்கு நம்மை மறுபடி முற்றத்துக்குக் கொண்டுவருகிறார். அங்கே ஒரு பணிப்பெண்ணின் கேள்விக்குப் பயந்து பேதுரு, அவரைத் தெரியாது என்கிறார்.

இதை முதலில் கேட்டவர்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். மாற்கு உரோமையில் எழுதினார் என்பது பழைய மரபு. அவர் பேதுருவின் மொழிபெயர்ப்பாளராக இருந்தார் என்று 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர் பாப்பியாஸ் சொன்னதை யூசேபியுஸ் பதிவு செய்திருக்கிறார். உரோமை என்பதை எல்லா அறிஞர்களும் ஏற்பதில்லை. சிரியா என்பாரும் உண்டு. எனக்கு உரோமைதான் பொருந்தி வருவதாகப் படுகிறது.

64ஆம் ஆண்டு உரோமை நகரம் தீப்பற்றி எரிந்தது. பழியைப் பேரரசன் நீரோ கிறிஸ்தவர்கள்மேல் போட்டான். அதை எழுதியவர் டாசிட்டஸ் என்ற உரோமை வரலாற்றாசிரியர். அவர் கிறிஸ்தவர் அல்ல, நம்மை வெறுத்தவர். விலங்குத் தோல் போர்த்தி நாய்களை ஏவியதையும், சிலுவையில் அறைந்ததையும், இரவு விளக்காக எரித்ததையும் அவர் எழுதியிருப்பதை மறையுரைகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். ஆனால் அதே இடத்தில் உள்ள இன்னொரு செய்தியை நாங்கள் சொல்வதில்லை. முதலில் சிலர் பிடிபட்டார்கள், அவர்கள் கொடுத்த தகவலைக் கொண்டுதான் பெரும் கூட்டம் பிடிபட்டது என்கிறார் அவர்.

அதாவது, காட்டிக்கொடுத்தவர்களும் கிறிஸ்தவர்களே. சித்திரவதை தாங்காமல் சொன்னார்களோ என்னவோ. மறைசாட்சிகளின் திருஅவை என்று நாம் பெருமையாகப் பேசுகிறோம். அந்தச் சபையில் எஞ்சியிருந்தவர்கள் யார்? ஓடி ஒளிந்து தப்பியவர்கள், தெரியாது என்று சொன்னவர்கள், பெயர் சொல்லிக் கொடுத்தவர்கள், அவர்களால் தகப்பனையோ மனைவியையோ இழந்தவர்கள். ஒரே கூரையின்கீழ், ஒரே அப்பத்தைச் சுற்றி இவர்கள் எப்படி உட்கார்ந்தார்கள்? உடன்பிறந்தவனே உடன்பிறந்தவனைச் சாவுக்குக் கையளிப்பான் என்ற எச்சரிக்கை மாற்கு 13ஆம் அதிகாரத்தில் வருகிறது. கேட்டவர்களில் சிலர் அப்போது தரையைப் பார்த்திருப்பார்கள்.

அவர்கள் நடுவில்தான் இந்த நற்செய்தி உரக்க வாசிக்கப்பட்டது. கெத்சமனியில் சீடர் எல்லாரும் ஓடுகிறார்கள். ஓர் இளைஞன் போர்த்தியிருந்த துணியைக்கூட விட்டுவிட்டு ஓடுகிறான். சிலுவை அருகில் யாருமில்லை. பெண்கள் மட்டும் தொலைவில் நின்று பார்க்கிறார்கள். இவர்களாவது நிற்பார்கள் என்று நம்பி வருகிறோம். கடைசி வசனத்தில் அவர்களும் ஓடிவிடுகிறார்கள். சீடர்கள் ஓடியதற்கும் பெண்கள் ஓடியதற்கும் மாற்கு பயன்படுத்துவது ஒரே கிரேக்கச் சொல்.

இதில் ஒரு கசப்பான வேடிக்கையும் இருக்கிறது. முதல் அதிகாரத்தில் குணமான தொழுநோயாளரிடம் யாருக்கும் ஒன்றும் சொல்லாதே என்கிறார் இயேசு. அவரோ ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். கடைசி அதிகாரத்தில் பெண்களிடம் போய்ச் சொல்லுங்கள் என்று கட்டளை வருகிறது. அவர்களோ யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் ஓட்டத்துக்கு முன் 7ஆம் வசனம் இருக்கிறது. கல்லறையில் வெண்ணுடை அணிந்த இளைஞர் கொடுக்கும் செய்தி சீடர்களுக்கு; தனியாகப் பெயர் சொல்லி, பேதுருவுக்கும். ஏன் தனியாக? மூன்று முறை மறுதலித்தவன் தன்னைச் சீடர் கூட்டத்தில் சேர்த்து எண்ணிக்கொள்ள மாட்டான் அல்லவா? அவர் உங்களுக்கு முன் கலிலேயாவுக்குப் போகிறார், அங்கே காண்பீர்கள் என்கிறது செய்தி. எல்லாரும் ஓடிப்போவார்கள் என்று இயேசு சொன்ன அதே இரவில் கொடுத்த வாக்கு அது. ஓடுவார்கள் என்று தெரிந்துதான் கொடுத்தார். உரோமையில் கேட்டவர்களுக்கு அதன் பிறகு நடந்ததும் தெரியும். தெரியாது என்ற அதே பேதுரு அவர்களுடைய நகரத்தில் ஆண்டவருக்காக உயிரைக் கொடுத்தார் என்பதே திருஅவையின் மரபு.

கிரேக்கத்தில் மாற்கின் கடைசி வாக்கியம் இரண்டே சொற்கள். அஞ்சினார்கள் என்பது ஒன்று. காரணம் காட்டும் ‘ஏனென்றால்’ என்பது போன்ற சிறு சொல் மற்றொன்று. நூல் முடிவதே அந்தச் சிறு சொல்லில்தான். தொடக்கநூலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் இதே அமைப்பில் இரு சொற்கள் உண்டு. குழந்தை பிறக்கும் என்ற செய்தியைக் கேட்டுச் சிரித்த சாரா, நான் சிரிக்கவில்லை என்று மறுக்கும் இடம் அது. காரணம், அவர் அஞ்சினார். சாரா அஞ்சியதால் ஈசாக்கு பிறக்காமல் போகவில்லை.

இவ்வளவையும் கேட்ட அந்தத் தாய் 8ஆம் வசனத்தை விரலால் தொட்டபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: “அவங்க யாருக்குமே சொல்லலைன்னா, நமக்கு எப்படி சாமி தெரிஞ்சுது?”

குருமடத்தில் எந்தத் தேர்வுத்தாளிலும் இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை.

கலிலேயாவுக்குப் போ என்று அனுப்பப்பட்டவர் மாற்கின் முதல் அதிகாரத்துக்குத்தான் திரும்ப வேண்டும். இயேசுவின் பணி தொடங்கியது அங்கேதான். வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் அன்பியத்திலும் மாற்கு முதல் அதிகாரத்தைத் தொடங்குகிறோம். அடிக்குறிப்புகளையும் சேர்த்தே வாசிப்போம். அந்தத் தாயிடம் மகனையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன்.