சிறுநீர்க் கல்லும் குன்னூர் ஆய்வகமும்: ஒரு தடுப்பு முறையின் வரலாறு

சிறுநீர்ப் பாதையில் உண்டாகும் கல் மிகத் தொன்மையான நோய்களில் ஒன்று; ஆயினும் அதற்கு இருவேறு வரலாறுகள் உண்டு. வறுமையும் ஒருசார் உணவும் நிலவிய சமூகங்களில், பெரும்பாலும் சிறுவர்களின் சிறுநீர்ப்பையிலேயே தோன்றி வளர்ந்த பைக்கல் ஒருவகை. வசதி பெருகிய சமூகங்களில், வளர்ந்தவர்களின் சிறுநீரகத்தில் உருவாகிச் சிறுநீர்க்குழாயில் இறங்கும்போது கடும் வலி தரும் சிறுநீரகக் கல் மற்றொரு வகை. முதல்வகை பல நாடுகளில் மறைந்ததற்கும் இரண்டாம் வகை பெருகியதற்கும் மருத்துவரின் கருவிகளைவிட மக்களின் உணவுமுறையும் வாழ்நிலையுமே பெரிதும் காரணமாயின என்பதை மருத்துவ வரலாறு காட்டுகிறது.

நெடுங்காலம் கல்லுக்குரிய மருத்துவம் அதனை வெளியே எடுப்பதாகவே இருந்தது. இந்நோயை அச்மரி என்று குறிக்கும் சுசுருத சங்கிதை, மருத்துவர் நகம் களைந்து எண்ணெய் தடவிய இடக்கை விரல்களை எருவாயினுள் செலுத்திக் கல்லைக் கீழே தள்ளிப் பிடித்து, நடுத்தையலிலிருந்து ஒரு வாற்கோதுமை மணியளவு இடம் விட்டு இடப்புறத்தில் கீறி, கல்லை உடையாமல் எடுக்க வேண்டும் என்று விதிக்கிறது. அறுக்காவிட்டால் சாவு உறுதி, அறுத்தாலும் பிழைப்பது ஐயம் என்பதால், அரசனிடம் முன்கூட்டியே தெரிவித்த பின்னரே இதில் இறங்க வேண்டும் என்றும் அது எச்சரிக்கிறது. கிரேக்க நாட்டு இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் உறுதிமொழி, கல்லுக்காக அறுப்பதை மருத்துவருக்கு விலக்கி, அத்தொழிலில் தேர்ந்தவர்களிடமே விட்டது. இந்நோயைக் கல்லடைப்பு என்று வழங்கும் சித்த மருத்துவம் சிறுபீளை, நெருஞ்சில் முதலிய மூலிகைகளின் குடிநீரைப் பரிந்துரைத்தது. உருவான கல்லை இவை கரைப்பதற்குப் போதிய சான்று இல்லையெனினும், சிறுநீரைப் பெருக்குவதும் இச்சிகிச்சையின் நோக்கமாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவின் வடமேற்குப் பகுதிகள், குறிப்பாகப் பஞ்சாபும் சிந்துவும், பைக்கல் மிகுந்த நிலப்பகுதியாக அறியப்பட்டிருந்தன. பாஸ்டன் நகரின் அறுவை மருத்துவர் பிகலோ 1878இல் வெளியிட்ட முறை, சிறுநீர்ப் புழை வழியாகக் கருவியைச் செலுத்திக் கல்லை நொறுக்கித் துகளையும் அதே அமர்வில் உறிஞ்சி எடுப்பதாகும். இந்தூரில் பணியாற்றிய மருத்துவர் கீகன் அதனைச் சிறுவர்களுக்கும் செய்யலாம் என்று நிறுவினார். ஆயினும், இந்நோய் ஒரு நிலப்பகுதியில் மலிந்தும் மற்றொன்றில் அருகியும் இருப்பது ஏன் என்ற வினாவுக்கு அறுவையறையில் விடை கிடைக்கவில்லை.

அவ்வினாவை உணவின் பக்கம் திருப்பியவர்களுள் முதன்மையானவர் இராபர்ட் மெக்காரிசன். அயர்லாந்தில் 1878இல் பிறந்து, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, கில்கித் பகுதியில் முன்கழுத்துக் கழலை நோயை ஆராய்ந்த அவர், பின்னர் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரின் பாஸ்டர் நிறுவனத்தில் சத்துக்குறை நோய்களைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அங்கே அவர் வெள்ளெலிகளைக் குழுக்களாகப் பிரித்துக் கூண்டுகளில் வளர்த்து, ஒரு குழுவுக்குத் தானிய மாவு மிகுந்த, வைட்டமின் ஏ குறைந்த உணவையும், மற்றொன்றுக்கு அதனுடன் பாலையும் கொடுத்து, பின்னர் அவற்றின் சிறுநீர்ப்பைகளைத் திறந்து பார்த்தபோது, முதற்குழுவில் பல எலிகளுக்குக் கல் கண்டிருந்தது. போதிய பால் பெற்றவை அதற்குத் தப்பியிருந்தன. வைட்டமின் ஏ குறைந்த உணவு எலிகளுக்குக் கல் தருவதை அமெரிக்காவின் ஆஸ்போர்னும் மெண்டலும் 1917இலேயே கண்டிருந்தனர் எனினும், கோதுமை உண்ணும் பஞ்சாபில் கல் மிகுந்தும், அரிசி உண்ணும் சென்னை மாகாணத்தில் குறைந்தும் இருந்த நிலைமையோடு அதனை இணைத்துப் பார்த்ததே மெக்காரிசனின் தனிச்சிறப்பு. அவரது ஆய்வகம் பின்னர் ஹைதராபாதுக்கு மாற்றப்பட்டு, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

கோதுமை உணவோடு கல்லைத் தொடர்புபடுத்திய மெக்காரிசனின் முடிவு முழுமையானதன்று என்பதைத் தாய்லாந்து ஆய்வுகள் பின்னர் உணர்த்தின. 1960களில் உபோன் மாகாணத்துக் கிராமங்களில் பைக்கல் மலிந்திருந்தது. அங்கு உண்ணப்பட்டதோ கோதுமையன்று, ஒட்டரிசி. பிறந்து சில வாரங்களிலேயே தாய் மென்ற சோற்றைக் குழந்தைக்கு ஊட்டும் வழக்கமும், பால், இறைச்சி போன்றவற்றின் குறைவும் சேர்ந்து உடலில் பாஸ்பேட் என்னும் உப்பைக் குறைத்தன. தானியத்தில் உள்ள பாஸ்பரஸ் பைட்டேட் என்னும் சேர்மத்தில் கட்டுண்டிருப்பதால் உடல் அதனை எளிதில் ஏற்பதில்லை. வெப்பத்தாலும் வயிற்றுப்போக்காலும் சிறுநீர் செறிவடையும்போது, அம்மோனியம் யூரேட் என்னும் உப்பு படிந்து கல்லாகிறது. குழந்தைகளுக்குப் பாஸ்பேட் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீரில் படிகங்கள் குறைந்தன. ஆகவே குற்றம் தானியத்தில் இல்லை. அதற்குத் துணையாகத் தட்டில் இருக்க வேண்டியவை இல்லாமற்போனதிலேயே இருந்தது. இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரம் போன்ற பழைய கல்நாடுகளிலும், குழந்தைகளின் உணவு மேம்பட்ட பின்னர் இந்நோய் அரிதாயிற்று.

பைக்கல் பின்வாங்கிய இடங்களில் சிறுநீரகக் கல் பெருகியது. இக்கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. ஆக்சலேட் என்பது பசலைக்கீரை, கொட்டைகள் போன்றவற்றில் மிகுந்தும் உடலிலேயே ஓரளவு உண்டாகியும் வரும் அமிலத்தின் உப்பு. 1980இல் மியூனிக் நகரில் உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலை செலுத்திக் கல்லை உடைக்கும் சிகிச்சை முதன்முதலாக மனிதருக்குச் செய்யப்பட்டபின் அறுவையின் தேவை வெகுவாகக் குறைந்தது. ஆனால் கல் உடைந்தாலும் அது உருவாகும் காரணம் உடலில் எஞ்சியிருந்ததால், பலருக்கு அது மீண்டும் தோன்றியது.

தடுப்பைச் சான்றுடன் நிறுவும் பணியில் இத்தாலியின் பார்மா நகர ஆய்வாளர்கள் முன்னின்றனர். முதன்முறை கல் கண்ட 199 பேரை ஐந்தாண்டுகள் கண்காணித்து 1996இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் அருந்தியவர்களில் 12 விழுக்காட்டினருக்கும், அவ்வாறு அறிவுறுத்தப்படாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் கல் மீண்டது. அடுத்து 2002இல், சிறுநீரில் கால்சியம் மிகுதியாகக் கழியும் 120 ஆண்களிடம் நடந்த ஆய்வு நெடுநாள் நம்பிக்கையொன்றையே புரட்டியது: கால்சியத்தைக் குறைத்து உண்டவர்களில் 38 விழுக்காட்டினருக்குக் கல் திரும்ப, வழக்கமான அளவு கால்சியத்துடன் உப்பையும் இறைச்சிப் புரதத்தையும் குறைத்தவர்களில் 20 விழுக்காட்டினருக்கே திரும்பியது. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிணைத்து மலத்தோடு வெளியேற்றுகிறது என்பதும், உப்பு மிகுந்தால் சிறுநீரில் கால்சியம் கூடுகிறது என்பதும் இதனை விளக்குகின்றன. கல் வந்தவர் பாலையும் மோரையும் அறவே விலக்க வேண்டும் என்ற பரவலான அறிவுரை இவ்வாறு வலுவிழந்தது.

இன்றைய தடுப்பு முறை இவற்றின் தொகுப்பே. எடுத்த கல்லைப் பகுத்தாய்ந்து, அடிக்கடி கல் வருவோருக்கு 24 மணிநேரச் சிறுநீரைச் சோதித்து, காரணத்துக்கேற்பப் பொட்டாசியம் சிட்ரேட், தயசைடு, அலோபியூரினால் ஆகிய மருந்துகளுள் உரியதை மருத்துவர் தேர்ந்தளிக்கிறார். எலுமிச்சை வகைகளிலுள்ள சிட்ரேட், கால்சியத்தோடு பிணைந்து படிகமாவதைத் தடுக்கிறது. ஆயினும் நீர் அருந்துவது தனிமனிதரின் விருப்பத்தில் மட்டும் அடங்கியதன்று. தமிழ்நாட்டின் உப்பளங்களில் கடும் வெயிலில் உழைப்போரிடம் நடந்த ஆய்வுகள் வெப்பம் சிறுநீரகத்துக்கு ஊறு விளைவிப்பதைச் சுட்டுகின்றன. அங்குக் கழிப்பறை இல்லாததால் பெண்கள் நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கின்றனர். பைக்கல்லை ஒழித்தது சமூகம் குழந்தைகளுக்கு அளித்த உணவு என்றால், சிறுநீரகக் கல்லைக் குறைப்பதில் பணியிடத்தில் நீரும் நிழலும் கழிப்பறையும் அமைத்துத் தருவதற்கு மருந்துக்கு இணையான இடம் உண்டு.