வாத்தியார் சம்பளமும் பிள்ளையின் தேர்ச்சியும்

பிள்ளைகள் சரியாகப் படிக்கவில்லை என்றால் வாத்தியாரின் பிழைப்பில் கை வைக்க வேண்டும் என்ற யோசனை புதிதல்ல. பழைய சென்னை மாகாணமே அதை அனுபவித்துப் பார்த்திருக்கிறது. 1826-ல் கவர்னர் தாமஸ் மன்றோ மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருப்பதாகக் கணக்கிட்டார். வாத்தியார்களுக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை, தகுதியானவர்களை இத்தொழிலுக்கு இழுக்க அது போதாது என்றும் எழுதினார். நோயை அவர் சரியாகக் கண்டார். பின்னால் வந்தவர்கள் கொடுத்த மருந்துதான் வேறு.

1862-ல் இங்கிலாந்தில் வந்த தேர்ச்சிக்கேற்ற மானிய முறை, அதே பத்தாண்டில் இங்கேயும் வந்தது. ஆய்வாளர் வருவார், பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்தி வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று சோதிப்பார். தேறிய பிள்ளைக்கு, தேறிய பாடத்துக்கு இவ்வளவு என்று மானியம். தோற்ற பிள்ளையால் பள்ளிக்குக் காசில்லை. அன்று நடவுக்குப் போய்விட்ட பிள்ளையாலும் இல்லை. திண்ணைப் பள்ளி வாத்தியாரின் ஆண்டு மானியம் அந்த ஒரு நாளைச் சார்ந்து நின்றது. ஆகவே கேட்கப்போகும் பாடத்தை உருப்போட வைப்பதே பாடம் நடத்துவதாயிற்று. பிள்ளை எந்த வீட்டிலிருந்து வந்தான் என்று அந்தச் சோதனை கேட்கவில்லை. இங்கிலாந்தே அந்த மானிய முறையைக் கைவிட்டபின், 1904-ல் இந்திய அரசின் கல்வித் தீர்மானமும் கைவிட்டது. அதற்குப்பின் 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தா பிடித்தது வேறு வழி. ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளியோடு தங்குமிடமும் சோறும் தந்தார். பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தியது அதுதான், வாத்தியாரை மிரட்டியதல்ல.

அப்படியானால் பாடமே நடத்தாதவரை என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஏழைப் பிள்ளை இழந்த ஓராண்டு திரும்பி வராது. ஆனால் வேலை செய்ய மறுப்பவர் மீது நடவடிக்கை எடுக்க விதிகள் இருக்கின்றன. கற்பிக்கத் திணறுபவருக்குத் தேவை பயிற்சி. இரண்டையும் ஒரே தராசில் வைப்பதில்தான் தவறு நேர்கிறது. 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும், இல்லையேல் விலக வேண்டும் என்றது. ஆசிரியருக்குத் தகுதி வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் வகுப்பறையில் அவர் எப்படிக் கற்பிக்கிறார் என்பதை ஒரு தேர்வுத்தாள் காட்டாது. நிலையில்லாத வேலை ஆசிரியரை உழைக்க வைக்கும் என்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கட்டும்: தொகுப்பூதியத்தில் எடுத்த ஆசிரியர்களை 2006-ல் தமிழக அரசே காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவந்தது, பிறகு 2012-ல் மாதம் 5,000 ரூபாய்க்குப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களையும் அமர்த்தியது. ஆறேழு ரூபாய்க்குத் தகுதியானவர் வரமாட்டார் என்ற மன்றோவின் கணக்கு அந்த ஐயாயிரத்துக்கும் பொருந்தும்.