ஃபால்சிகோ – ஃபால்சிடாப் தீர்ப்பும் நோயாளியின் கவனமும்

காடிலா ஹெல்த் கேர், காடிலா பார்மசூட்டிகல்ஸ் ஆகிய இரு நிறுவனங்களுக்கிடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 மார்ச்சில் அளித்த தீர்ப்பு, வணிகக் குறிச் சட்டத்தின் மைல்கல்லாகவே பெரும்பாலும் வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. மருந்துப் பெயர்களின் ஒப்புமையை மற்றப் பொருள்களைவிடக் கடுமையாக அளக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அதனால் நோயாளிக்குப் பாதுகாப்புக் கிடைத்தது என்பது அந்த வாசிப்பின் முடிவு. அதில் நோயாளி ஏமாறக்கூடியவராக மட்டுமே வருகிறார். பெயரை மாற்றுவது நிறுவனம், தடை விதிப்பது நீதிமன்றம், அனுமதி தருவது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. மாத்திரையை விழுங்குபவருக்கு அங்கே வேலையே இல்லை. தீர்ப்பின் வாசகம் இவ்வளவு குறுகிய பொருளுக்கு இடம் தருவதாக எனக்குத் தோன்றவில்லை.

வழக்குக்குக் காரணமான இரு மருந்துகளில், ஃபால்சிகோவில் இருந்தது ஆர்ட்டிசுனேட், ஃபால்சிடாபில் மெஃப்ளோகுயின். இரண்டும் ஃபால்சிபாரம் மலேரியாவுக்கானவை. மருந்துக்கூறு வேறு, தோற்றம் வேறு, விலை வேறு, விற்பனையும் மருத்துவமனைகளுக்கு மட்டுமே. ஆகவே குழப்பத்துக்கு வாய்ப்பில்லை என்று குஜராத்தின் கீழ் நீதிமன்றங்கள் கருதின. உச்ச நீதிமன்றம் இதே விவரங்களைத் தலைகீழாக எடைபோட்டது. மருந்துக்கூறு வேறு என்பதால்தான் பெயர்க் குழப்பம் ஆபத்தாகிறது. மருத்துவரும் மருந்தாளுநரும் பயிற்சி பெற்றவர்களானாலும் தவறு செய்யாதவர்கள் அல்லர் என்பது அதன் நிலை. மருத்துவ அறிவும் இந்த அச்சத்தை உறுதிசெய்கிறது. மெஃப்ளோகுயின் மனநிலையையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கக்கூடியது. மூளை மலேரியாவிலிருந்து மீண்டவருக்கு அதைத் தவிர்க்க வேண்டும் என்பது ஏற்கப்பட்ட நெறி. நோய் ஒன்றுதான், பெயரின் கடைசி அசை மாறினால் கிடைக்கும் மருந்து வேறு.

ஒப்புமையை முடிவுசெய்ய நீதிமன்றம் வகுத்த காரணிகளில் ஒன்று, வாங்குவோர் எத்தகையவர் என்பது: அவர்களுடைய கல்வி, அறிவுத்திறன், வாங்கும்போது அவர்கள் காட்டக்கூடிய கவனத்தின் அளவு. மேலே சொன்ன வழக்கமான வாசிப்பு இதை நோயாளியின் இயலாமைக்கான சான்றாக மட்டும் எடுத்துக்கொண்டது. ஆங்கிலம் அறியாதோரும் எழுத்தறியாதோரும் மிகுந்த நாடு என்பதைத் தீர்ப்பு வலியுறுத்துவது உண்மைதான். ஆனால் கவனத்துக்கு ‘அளவு’ உண்டு என்று ஏற்றுக்கொண்டால், அது கூடவும் குறையவும் கூடியது என்றும் ஏற்க வேண்டும். நீதிமன்றம் இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. இடைக்கால உத்தரவிலும் அது தலையிடவில்லை, நெறிகளை வகுத்து அவற்றின்படி வழக்கை முடிக்குமாறு விசாரணை நீதிமன்றத்திடம் விட்டது. எனவே என் வாசிப்பு ஓர் அனுமானமே. ஆனால் மருத்துவர், மருந்தாளுநர் என்ற இரு காவல்களும் தளரக்கூடியவை என்று ஒப்புக்கொண்ட தீர்ப்பை, மூன்றாவது காவலுக்கு எதிரானதாக வாசிப்பது கடினம்.

அந்த மூன்றாவது காவலர் என்ன செய்ய வேண்டும்? “இந்த மாத்திரை எதற்கு?” என்று கேளுங்கள் என்பதே நோயாளிகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை. நல்ல கேள்விதான். ஆனால் இந்த வழக்கின் மருந்துகளை வைத்தே அதைச் சோதித்துப் பார்க்கலாம். ஃபால்சிகோவைக் காட்டிக் கேட்டால் “மலேரியாவுக்கு” என்பது பதில். ஃபால்சிடாபைக் காட்டிக் கேட்டாலும் அதே பதில். கேட்டவரும் சொன்னவரும் நிம்மதியாகப் போவார்கள், தவறு அப்படியே இருக்கும். இங்கே உதவக்கூடியது மருந்தின் பொதுப்பெயரும் மில்லிகிராம் அளவும் மட்டுமே. சீட்டில் உள்ளதும் அட்டையில் உள்ளதும் ஒன்றா என்று பணம் கொடுப்பதற்குமுன் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்ப்பதே காப்பு.

இதற்கான வசதி தீர்ப்பின் காலத்தைவிட இன்று கூடியிருக்கிறது. பொதுப்பெயரைத் தெளிவாக, இயன்றவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கான நெறிமுறை 2016இல் திருத்தப்பட்டது. அட்டையில் வணிகப் பெயரைவிடப் பொதுப்பெயர் பெரிதாக அச்சாக வேண்டும் என்ற விதி 2018இல் வந்தது. ஆனால் கடையில் நடப்பது வேறு. ஆறு மாத்திரை கேட்டால் பத்து மாத்திரை அட்டையைக் கத்தரித்து, காகித உறையில் போட்டு, மேலே 1-0-1 என்று எழுதித் தருகிறார்கள். கத்தரி எங்கே விழுகிறதோ அங்கே பெயர் உடைகிறது. ‘ஃபால்சி’ வரைக்கும் உறைக்குள் வந்து, ‘கோ’வோ ‘டாப்’போ கடைக்காரரிடமே தங்கிவிடலாம்; காலாவதித் தேதியும் பெரும்பாலும் அந்தப் பக்கமே போய்விடும். முழுப் பெயரும் தேதியும் உள்ள துண்டையே கேட்டு வாங்குவது, அது முடியாவிட்டால் வெட்டுவதற்குமுன் முழு அட்டையைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வது ஆகியவற்றை அற்ப யோசனைகளாகக் கருத வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம்வரை போன ஒரு குழப்பம், மருந்துக்கடை மேசையில் தீரக்கூடிய வழி இது.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார் என்ற ஆட்சேபம் என்னைப் பெரிதாக நிறுத்தவில்லை. பேருந்தின் எண்ணை உருவத்தால் அறிபவர், இரு சொற்களின் உருவத்தையும் ஒத்துப் பார்க்க முடியும். பேரப்பிள்ளையின் உதவியும் கிடைக்கும். கனமான ஆட்சேபம் வேறு: நோயாளியைப் பொறுப்பாக்கினால் நிறுவனமும் அரசும் விலகிக்கொள்ளாதா? விலகிக்கொள்ள முயல்வார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. வணிகக் குறிப் பதிவகத்தின் அதிகாரபூர்வத் தேடல் அறிக்கையை விண்ணப்பதாரரிடம் கேட்கலாம் என்று 2001இலேயே நீதிமன்றம் அதிகாரிகளுக்கு யோசனை சொன்னது. 2019 நவம்பரில் வந்த விதி, ஒத்த பெயர் சந்தையில் இல்லை என்று நிறுவனமே தரும் உறுதிமொழியோடு நின்றது. பெயரால் ஆதாயம் பெறுபவரே அந்தப் பெயருக்குச் சான்றளிப்பதைக் காவல் என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஆகவே நோயாளியின் கவனம் அரசின் கடமைக்கு மாற்றாகாது. அந்தக் கடமை நிறைவேறும்வரை உயிரோடிருக்க வேண்டியவர் நோயாளி என்பதால்தான் அது தேவைப்படுகிறது.

பெயரை ஒத்துப் பார்ப்பதற்கும் எல்லை உண்டு. முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை தரப்படும் மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் விழுங்கினால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். அங்கே பெயர் சரியாகவே இருக்கும். 1-0-1 என்ற குறிக்குள் கிழமை அடங்காது. அத்தகைய மருந்துக்கு எந்தக் கிழமை என்று சீட்டில் தமிழில் எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேட்கும் உரிமையை, கவனத்தைப் பற்றிய அந்தக் காரணியின் நீட்சியாகவே நான் காண்கிறேன்.