கர்ப்பப்பையின் உட்புறம் கண்ட வரலாறு

1895-ஆம் ஆண்டில் வூர்ஸ்பர்க் நகரத்தில் ரான்ட்கன் கண்ட எக்ஸ்-ரே கதிர்கள் எலும்பைத் தெளிவாகக் காட்டினவேயன்றி, தசையாலாகிய கர்ப்பப்பையைக் காட்டவில்லை. ஆதலால் மகப்பேறு வாய்க்காத ஸ்திரீயின் குறை எங்கே ஒளிந்திருக்கிறதென்பது மேலும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் அனுமானமாகவே இருந்து வந்தது.

1914-இல் அமெரிக்காவில் வில்லியம் கேரி, இசிடோர் ரூபின் என்னும் இரு வைத்தியர்கள், ஒருவரையொருவர் சாராமலே, கொலார்கால் என்ற வெள்ளிக் கரைசலைக் கர்ப்பப்பையினுள் செலுத்திப் படமெடுத்தனர். நிழல் விழுந்தது, ஆனால் கருக்குழாயின் வழியே வயிற்றினுள் சென்ற அந்த மருந்து உட்சவ்வை உறுத்திற்று. தாம் முயன்று கண்ட முறையென்றும் பாராமல் ரூபின் அதை விட்டு, 1920-ஐ ஒட்டிய காலத்தில், வாயுவைச் செலுத்தி அதன் அழுத்தத்தை அளக்கும் பரிசோதனையை நிலைநாட்டினாரே, அந்த மனப்பான்மையை நான் பெரிதும் போற்றுகிறேன். எனினும் குழாய் திறந்திருக்கிறதா என்பதை வாயு சொல்லுமேயன்றி, கர்ப்பப்பையின் வடிவத்தைச் சொல்லாது. கசகசா எண்ணெயில் அயோடினைச் சேர்த்துப் பிரான்ஸில் செய்யப்பெற்ற லிபியோடால் இப்பரிசோதனைக்குப் பயன்படத் தொடங்கிய பின்னரே எக்ஸ்-ரே முறை எங்கும் பரவியது. அந்த எண்ணெயே ஓரளவு சிகிச்சையாகவும் அமைந்தது வியப்புக்குரியது: 2017-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், எண்ணெய் மருந்து பெற்றவர்களுள் 39.7 சதவீதத்தினரும், நீர் மருந்து பெற்றவர்களுள் 29.1 சதவீதத்தினரும் 6 மாதங்களுக்குள் கருத்தரித்து, அந்தக் கருவும் நிலைத்தது.

ஆயினும் எக்ஸ்-ரே காட்டுவது உட்குழிவின் நிழலை மட்டுமே. நடுவே தடுப்புச் சுவருள்ள கர்ப்பப்பையும், மேற்புறம் பிளந்து இரு கொம்புகளாய் அமைந்த கர்ப்பப்பையும் அதில் ஒன்றுபோலவே தோன்றும்; முன்னதன் தடுப்பை உட்காட்டிக் கருவியின் துணையால் அறுக்கலாம், பின்னதில் அவ்வாறு அறுத்தால் கர்ப்பப்பையே துளைபடக்கூடும். காற்றுக் குமிழி சதை வளர்ச்சிபோல் மயக்குவதும் உண்டு.

உலோகத்தின் பழுதறியும் கருவியைக் கொண்டு கிளாஸ்கோவில் இயன் டொனால்டு தொடங்கிய ஒலியலைப் பரிசோதனை, 1958-இல் வெளியான அவருடைய கட்டுரையால் வைத்திய உலகில் இடம்பெற்றது. பிற்காலத்தில் யோனி வழியே ஸ்கேன் செய்யவும், கர்ப்பப்பையை உப்புநீரால் விரித்துப் பார்க்கவும் கற்றுக்கொண்டபோது, சிறு சதை வளர்ச்சியும், உள்நோக்கிப் புடைத்த நார்க்கட்டியும் தெளிவாகப் புலப்பட்டன. முப்பரிமாண ஸ்கேனும் காந்தப்படமும் எக்ஸ்-ரே மறைத்த வெளி விளிம்பையும் காட்டின.

கருக்குழாயின் அடைப்பை அறிய எக்ஸ்-ரேக்கு இன்றும் மதிப்புண்டு. ஆனால் உட்குழிவில் குறையிருக்குமென்று ஐயுற்றால் உப்புநீர் ஸ்கேனையும், அமைப்பிலேயே குறையென்று ஐயுற்றால் முப்பரிமாண ஸ்கேனையும் நாடுவதே முறை. எக்ஸ்-ரே நிழலொன்றை மட்டுமே நம்பி அறுவை சிகிச்சைக்கு எந்த வைத்தியரும் துணியலாகாது, எந்தப் பெண்ணும் இசையலாகாது.