மாட்டு அம்மை வந்த வழி

நம்ம உத்தமபாளையம் பக்கம் ஒரு மாட்டுக்கு உடம்பெல்லாம் கழலை கிளம்பிட்டா, முதல் பேச்சு இதுதான்: "எவன் மாட்டுல இருந்துய்யா ஒட்டுச்சு?" சந்தையில் மாடு வாங்கி வந்தவர் மேல் பழி, மலை மாடு ஓட்டி வந்தவர் மேல் பழி. ஒரே தண்ணித்தொட்டியில் மாட்டை விடமாட்டேன் என்று பங்காளிகள் மல்லுக்கு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த நோயின் கதையை எழுதி வைக்கிறேன்.

தோல் கழலை நோயை முதலில் கண்டது 1929-ல், ஆப்பிரிக்காவில், இன்றைய ஜாம்பியாவில். விஷச்செடி தின்றதால் வந்தது, பூச்சிக்கடியால் வந்தது என்றுதான் அப்போது நினைத்தார்கள். வைரஸ் என்று பிறகுதான் தெரிந்தது.

இந்தியாவில் 2019 ஆகஸ்டில் ஒடிசாவில் தலைகாட்டியது. போபால் ஆய்வகத்தில் அந்த வைரஸின் மரபணுவைப் பார்த்தபோது, ஐரோப்பாவில் பரவிய வகையோடு சேரவில்லை; கென்யாவின் பழைய வகையோடு ஒத்துப்போனது.

அதெப்படித் தெரியும்? இந்த வைரஸின் மரபணுவில் சுமார் ஒன்றரை லட்சம் எழுத்து இருக்கிறது. வைரஸ் பெருகும்போது அங்கங்கே எழுத்துப்பிழை விழும். பத்திர நகல் மாதிரிதான். ரெண்டு நகலில் ஒரே இடத்தில் ஒரே பிழைகள் இருந்தால், ரெண்டுக்கும் தாய்ப்பத்திரம் ஒன்று.

2022-ல் குஜராத், ராஜஸ்தான் பக்கம் மாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் குஜராத், ராஜஸ்தான், மகாராஷ்டிரம், கர்நாடகத்தில் 22 மாதிரிகள் எடுத்துப் படித்தார்கள். ரெண்டு வகை தெரிந்தது. ஒன்று 2019-ல் ராஞ்சியிலும் 2020-ல் ஹைதராபாத்திலும் கண்ட வைரஸ் போல. இன்னொன்றில் பிழைகள் ஏராளம். அது 2015-ல் ரஷ்யாவில் பரவிய வகையை ஒத்திருந்தது.

இது நமக்கெதுக்கு என்று கேட்காதீங்க. 2022-ல் வந்த 'லம்பி-புரோவாக்' தடுப்பூசி, அந்த ராஞ்சி வைரஸை வைத்துச் செய்தது. வைரஸ் மாறிக்கிட்டே போனால், ஊசி இன்னும் பிடிக்குதா என்று பார்த்துக்கிட்டே இருக்கணும். அதுக்கு மாதிரி வேணும்.

மரபணு கென்யா, ரஷ்யா என்று கிளையைக் காட்டும். எந்த ஈ, எந்தக் கொசு, எந்தத் தொழுவத்திலிருந்து வந்து கடித்தது என்று காட்டாது. ஆகவே பங்காளியிடம் சண்டைக்குப் போகுமுன் கால்நடை டாக்டருக்குச் சொல்லுங்க. அவர் புண் பொருக்கை எடுக்க வந்தால் மாட்டைப் பிடித்துக் கொடுங்க.