மாட்டுப் பட்டியில் தொடங்கிய ஊர்கள்

ஹம்பிக்குப் பக்கத்தில் நிம்பாபுரத்தில் ஒரு சாம்பல் மேடு இருக்கிறது. இராமனின் அம்புக்கு வீழ்ந்த வாலியை எரித்த இடம் அது என்று சுற்றுவட்டார மக்கள் சொல்கிறார்கள். பல்லாரியிலிருந்து ஹொசப்பேட்டை போகும் வழியில் குடத்தினியில் இன்னொரு மேடு. கிருஷ்ணாவும் துங்கபத்திரையும் பாயும் வறண்ட சீமை முழுக்க, வடகர்நாடகம், ராயலசீமை, தெலங்கானா என்று இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மேடுகள் உண்டு. தோண்டினால் வெளுத்த சாம்பல் வரும். நடுநடுவே கண்ணாடி போல உருகி இறுகிய கசடு. அரக்கர்கள் எரிந்த சாம்பல் என்று ஊரார் கதை சொன்னார்கள். 19ஆம் நூற்றாண்டில் வந்து பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகள், எரிமலைக் கசடோ உலைக் கசடோ என்று குழம்பினார்கள்.

இது மாட்டுச் சாணம் என்று அடித்துச் சொன்னவர் ராபர்ட் புரூஸ் ஃபுட். 1863இல் சென்னைப் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தாரே, அதே நிலவியலாளர்தான். அவர் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை. சாணம் எரிந்தால் கண்ணாடியாகுமா என்ற கேள்வி நெடுநாள் நின்றது. புல் தின்ற மாட்டின் சாணத்தில் மணற்சத்து நிறைய இருக்கும். மலைபோல் குவித்துக் கொளுத்தினால், உள்ளே ஏறும் வெப்பத்தில் அது உருகிவிடும். 1950களின் இறுதியில் சாய்னர் என்ற அறிஞரின் ஆய்வு இதை உறுதிசெய்தது.

அதே காலத்தில், 1957இல், பழைய மகபூப்நகர் மாவட்டத்து உட்னூரில் தொல்லியலாளர் ரேமண்ட் ஆல்ச்சின் அகழ்ந்தார். கம்பங்கள் நட்டு வேலி அடைத்த பட்டி ஒன்றின் தடம் கிடைத்தது. வேலி பலமுறை எரிந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் மறுபடி எழுந்திருக்கிறது. எரிந்த சாம்பல் அடுக்குகளுக்கு நடுவே அழியாமல் இருந்தவை குளம்படிகள். சாம்பல் மேல் மாடுகள் நடந்து பதித்த தடம், அடுத்த அடுக்கு மூடியதால் நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அப்படியே நின்றுவிட்டது. இந்தியத் தொல்லியலில் இதைவிட உயிருள்ள சான்று அதிகம் இல்லை.

மனிதன் வேட்டையை விட்டான், விதைத்தான், வயலைக் காக்கக் குடிசை போட்டான், பிறகு மாடு வளர்த்தான் என்று பள்ளிப் பாடம் ஒரு வரிசை சொல்லித் தருகிறது. தக்காணத்தின் சான்றுகள் அந்த வரிசைக்குள் அடங்கவில்லை. ஏறத்தாழ கி.மு. 3000 முதல் இங்கே எழுந்த மேடுகளில் முன்னால் நிற்பது மாடுதான். திமில் உள்ள அந்த மாட்டினத்தை மனிதர் முதலில் பழக்கியது சிந்துவெளிப் பக்கத்தில். அது தெற்கே வந்து சேர்ந்தபோது இங்கே வேட்டையாடிகளும் கிழங்கு கனி தேடுவோரும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வேட்டையை ஒரே நாளில் கைவிடவும் இல்லை. மாட்டெலும்பு குவிந்த ஊர்களிலேயே மானெலும்பும் கிடைக்கிறது. யாத்கிர் மாவட்டத்துப் பூதிஹாளில் தொல்லியலாளர் கே. பத்தையா அகழ்ந்தபோது, மாட்டை அறுத்துப் பங்கு போட்ட தளமே வெளிப்பட்டது. பாலுக்கு மட்டும் வளர்த்த மாடல்ல அது.

சரி, பயிர்? அகழ்ந்த மண்ணைத் தண்ணீரில் கலக்கினால் கரிந்த விதைகள் மேலே மிதக்கும். தொல்தாவர ஆய்வாளர் டோரியன் ஃபுல்லரும் உடன் உழைத்தவர்களும் இந்த முறையில் சலித்தெடுத்த விதைகளில் மீண்டும் மீண்டும் வந்தவை கொள்ளும் பாசிப்பயறும். கூடவே இரண்டு சிறுதானியங்கள். அவற்றில் ஒன்று, தும்கூர்ப் பக்கத்து உழவர்கள் இன்றும் விதைக்கிற கொரலே. கோதுமையும் பார்லியும் வடமேற்கிலிருந்து பின்னால் வந்தவை. நெல்லைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. ஒரு பருவமழையை நம்பி, செம்மண்ணிலும் சரளையிலும் விளையக்கூடியதை அந்த மக்கள் தேர்ந்திருக்கிறார்கள். இந்தத் தேர்வுக்குப் பின்னால் எத்தனை தலைமுறைகளின் பார்வை இருந்திருக்கும்! காட்டுப் பயற்றின் நெற்று காய்ந்ததும் வெடித்து விதையைச் சிதறடித்துவிடும். வெடிக்காத நெற்றே கைக்கு வரும். கைக்கு வந்ததே அடுத்த மழைக்கு விதையாகும். இப்படித்தான் வெடிக்காத இனம் வயலில் பெருகியது. விதை பருமனாக அதற்கப்புறமும் நெடுங்காலம் பிடித்தது.

கி.மு. 2000க்குப் பிறகு காட்சி மாறுகிறது. பல்லாரியை ஒட்டிய சங்கனகல்லில் குன்றுகளின் மேல் வட்டக் குடிசைகள் நிலைபெறுகின்றன. அங்கே ஹிரேகுட்டா குன்றில் கருங்கல் கோடரி செய்யும் பட்டறையே நடந்திருக்கிறது. உடைத்துத் தள்ளிய சில்லுகள் குவியல் குவியலாகக் கிடந்தன. தானியம் அரைத்து அரைத்து வழவழப்பான குழிகள் பாறைகளில் இருக்கின்றன. குப்கல் என்றும் பெயருள்ள அதே குன்றின் பாறைகளில் எங்கு பார்த்தாலும் நீண்ட கொம்புள்ள மாடுகளைக் கொத்தியிருக்கிறார்கள். வயல் வந்த பிறகும் மாடு மனதைவிட்டுப் போகவில்லை.

இதே வாழ்க்கையின் தெற்குச் சுவடு திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் இருக்கிறது. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது குழி வீடுகளும் தீட்டிய கற்கோடரிகளும் கரிந்த கொள்ளும் பயறும் கிடைத்தன.

சாணத்தை ஏன் கொளுத்தினார்கள்? வெறும் குப்பை எரிப்பென்றால் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் குவித்திருக்க வேண்டியதில்லை. மாட்டுத் திருவிழாக்களின் நெருப்போடு ஆல்ச்சின் இதை இணைத்தார். தென் கர்நாடகத்தில் இன்றும் சங்கராந்தி மாலையில் வைக்கோலைக் கொளுத்தி மாடுகளைத் தாண்டவிடுகிறார்கள். நாலாயிரம் ஆண்டு அறுபடாத தொடர்ச்சி என்று அதை நிறுவ முடியாது. ஆனாலும் ஆல்ச்சின் காட்டிய திசை, குப்பை என்ற விளக்கத்தைவிட நம்பத்தக்கது.

இந்த மேடுகள் இப்போது கரைந்துகொண்டிருக்கின்றன. வயலுக்கு உரமென்று வண்டி வண்டியாகச் சாம்பலை அள்ளிப் போயிருக்கிறார்கள். உழவரைக் குறைசொல்லிப் பயனில்லை, அது என்னவென்று யாரும் அவர்களிடம் போய்ச் சொல்லவில்லை. சங்கனகல்–குப்கல் குன்றுகளில் கல்குவாரி வெடி வேறு. பல்லாரியில் ஃபுட்டின் பெயரில் ஓர் அருங்காட்சியகம் அமைந்திருப்பது ஆறுதல்தான். ஆனால் குளம்படியைப் பெயர்த்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாது. மேடுகள் இருக்கிற இடத்திலேயே எல்லைக்கல் நட்டு, வேலி போட்டு, குவாரி உரிமங்களை நிறுத்தியாக வேண்டும்.