ஊருக்குப் போய் வந்த குற்றம்

பாரிவாக்கத்தில் உங்கள் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் துபாயில் வேலை பார்க்கிறான். ஒரு மாத லீவில் வந்திருக்கிறான். துபாய் திரும்பிய கையோடு பாரிஸ் போய் ஈஃபில் டவரைப் பார்த்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஓர் ஆசை. 'இங்கேதானே இருக்கிறாய், விசாவுக்குச் சென்னையிலேயே மனு போட்டுவிட்டுப் போயேன்' என்கிறீர்கள். நியாயமான யோசனைதான். ஆனால், சுலபத்தில் நடக்காது.

ஐரோப்பாவின் 29 நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஒரு விதி உண்டு. நீங்கள் எந்த நாட்டுக் குடிமகன் என்பது ஒரு கேள்வி. எந்த நாட்டில் சட்டப்படி வசிக்கிறீர்கள் என்பது வேறு கேள்வி. மனு போட வேண்டியது வசிக்கும் நாட்டில். விடுமுறைக்கு வந்த இடத்தில் போட வேண்டுமென்றால், ஏன் என்று தகுந்த காரணம் காட்ட வேண்டும். ஆக, பையன் துபாய்க்குப் போய்த்தான் மனு போட வேண்டும். அங்கே சம்பளச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, கம்பெனி லெட்டர், குடியிருப்பு அனுமதி எல்லாவற்றையும் கேட்பார்கள். அத்தனைக்கும் பின்னால் இருப்பது ஒரே சந்தேகம்தான். 'போனால் திரும்பி வருவாயா?'

சொந்த நாட்டில் இருப்பவன் 'என் வீடு, என் மனைவி மக்கள், என் நிலம் இங்கே இருக்கிறது' என்று சொல்லிவிடலாம். வெளிநாட்டில் குடியிருப்பவன் என்ன சொல்வான்? தனக்குச் சொந்தமில்லாத ஒரு நாட்டுக்குத் திரும்புவேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். அதுவும் ஒரு காகிதத்தைக் காட்டி.

விசா என்ற சொல்லே லத்தீன் மொழியிலிருந்து வந்தது. 'பார்க்கப்பட்டது' என்று அர்த்தம். அதிகாரி ஒருவர் உங்கள் காகிதத்தைப் பார்த்தாகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பார்வை எத்தனை பேர் வாழ்க்கையைப் புரட்டிப்போட்டது தெரியுமா? அதைத் தெரிந்துகொள்ள ஐரோப்பா வரை போக வேண்டாம். ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரை போதும்.

பாஸ்போர்ட் என்பது இன்று இருப்பதுபோலக் கட்டாயமானது முதல் உலகப் போரின்போதுதான். யார் உளவாளி, யார் எதிரி என்ற பயத்தில் 1914-க்குப் பிறகு நாடுகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. போர் முடிந்ததும் பழையபடி திறந்துவிடுவார்கள் என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். 1920-ல் பாரிஸில் சர்வதேச சங்கம் ஒரு மாநாடு கூட்டி, பாஸ்போர்ட் புத்தகம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பொது வடிவத்தையே வகுத்துக் கொடுத்தது. தற்காலிகம் நிரந்தரமாகிவிட்டது.

ஆனால், நம் ஊரிலிருந்து இலங்கைக்குப் போக அப்போதும் அது தேவைப்படவில்லை. இரண்டுமே பிரிட்டிஷ் கொடியின் கீழ் இருந்த நாடுகள். எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். மறுபடி ரயில். 1914-ல் தொடங்கிய தடம் இது. திருச்சி, சேலம், ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து ஜனங்கள் கங்காணிகளின் பின்னால் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனது அதற்கும் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே. மண்டபம் முகாமில் நோய்ச் சோதனை உண்டு. பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது.

அதனால் போக்குவரத்தும் சகஜமாக இருந்தது. தங்கைக்குக் கல்யாணம், குலதெய்வத்துக்குப் பொங்கல், அப்பாவுக்கு முடியவில்லை, பங்காளியோடு நிலத் தகராறு. மூட்டையைக் கட்டிக்கொண்டு வருவார்கள். சில மாதம் இருப்பார்கள். மறுபடி தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். இதில் என்ன தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. தப்பு என்று ஒரு சட்டம் வரும் வரை.

1948 பிப்ரவரி 4-ம் தேதி இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் குடியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. நீ இலங்கையில் பிறந்தாயா என்பது அங்கே போதாது. உன் தகப்பனார் இங்கே பிறந்தாரா? இல்லையென்றால், தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் இங்கே பிறந்தவர்களா? காட்டு, காகிதத்தை. தோட்டத்து லயன் அறையில் பிறந்த கூலியின் தாத்தாவுக்கு எங்கே காகிதம்? ஒரே வீச்சில் லட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். ஓட்டும் பறிபோனது. இதை எதிர்த்துத்தான் செல்வநாயகம், தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து 1949-ல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். கோடக்கன் பிள்ளை என்பவர் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் வழக்காடினார். 1953-ல் அங்கேயும் தோல்வி.

1949-ல் ஒரு சின்னக் கதவைத் திறந்தார்கள். இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டம். மனு போட்டால் குடியுரிமை தருவோம் என்றார்கள். இரண்டு வருடக் கெடு. 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். நிபந்தனை என்ன? 1946 ஜனவரி 1-க்கு முன்னால், கல்யாணமானவர் என்றால் 7 வருடம், ஆகாதவர் என்றால் 10 வருடம் தொடர்ச்சியாக இலங்கையில் வசித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் வசித்துக்கொண்டிருக்க வேண்டும். இடையில் எப்போதாவது ஒரே மூச்சில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் தொடர்ச்சி அறுந்தது. மனு காலி.

இப்போது புரிகிறதா? அப்பாவின் காரியத்துக்கு வந்து, நிலத்தைப் பாகம் பிரித்து, மழைக்காலம் கழித்துப் போகலாம் என்று ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தங்கியவன், தன்னையறியாமல் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிட்டான். போனது பழனிக்குக் காவடி எடுக்கவா, பிரசவத்துக்கா என்பதெல்லாம் கணக்கில் இல்லை. போதாக்குறைக்கு 1939 ஆகஸ்டில் இந்திய அரசாங்கமே ஒரு தடை போட்டிருந்தது. இலங்கை அரசாங்கம் இந்தியத் தொழிலாளர்களை வேலையைவிட்டு நீக்கியதால் வந்த கோபம் அது. கூலி வேலைக்கு இனி யாரும் இலங்கைக்குப் போகக் கூடாது என்றது டெல்லி. லீவில் வந்தவர்களுக்குத் திரும்பிப் போவதே சிக்கலாகிப்போனது. பிற்பாடுதான் அது தளர்ந்தது. நடுவில் மாட்டிக்கொண்டவனின் வருடங்களை யார் கணக்குப் பார்ப்பது?

இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் 'இந்தச் சட்டமே வேண்டாம்' என்று பகிஷ்காரம் செய்தது. பிறகு மனது மாறியது. கடைசி மாதங்களில் மனுக்கள் குவிந்தன. 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனு போனது. பல வருடம் விசாரணை நடந்தது. கடைசியில் குடியுரிமை கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு மட்டும்.

1949 நவம்பர் 1 முதல் குடிவரவுச் சட்டமும் அமலானது. கடலைத் தாண்ட இனி பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும். சரி, இந்தியப் பாஸ்போர்ட் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். வழி இருந்தது. இந்திய அரசியல் சட்டத்தின் 8-வது பிரிவின்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்திய வம்சாவளியினர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்து குடிமகன் ஆகலாம். ஆனால், பதிவு செய்த கணமே இலங்கையில் அவன் அந்நியன். கையில் தற்காலிகக் குடியிருப்பு அனுமதி. கெடு முடிந்து புதுப்பிக்க மறுத்தால் கிளம்ப வேண்டும். பாஸ்போர்ட் வாங்கினால் பிறந்த லயன் போகும். வாங்காவிட்டால் ஊரில் சாகக் கிடக்கும் அம்மாவைப் பார்க்க வழியில்லை. அதையும் மீறி இரவில் தோணி ஏறி வந்து போனவர்களும் உண்டு. அதனால் மொத்த சமூகத்துக்கும் 'கள்ளத்தோணி' என்று பட்டம் கட்டினார்கள். தோணியையே பார்க்காதவனுக்கும் அதே பட்டம்தான்.

1964 அக்டோபர் 30. டெல்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். மொத்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர். இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம். இலங்கைக்கு 3 லட்சம். மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-ல் இந்திரா காந்தி அந்த ஒன்றரை லட்சத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளச் சம்மதித்தார். இத்தனை தலைகளில் ஒன்றைக்கூட 'உனக்கு எங்கே இருக்க ஆசை?' என்று முதலில் கேட்கவில்லை. பின்னால் விண்ணப்பம் வாங்கியபோது, இலங்கையிலேயே இருக்க விரும்பியவர்கள் அந்த 3 லட்சத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு!

ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் துடைத்துப்போட்டது. போட் மெயில் பாதையின் கடைசித் துண்டு கடலுக்குள் போனது. பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. மலையிலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிவந்த ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் விழுந்தது. கோச்சி என்றால் அங்கே ரயில். அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று தீர்ப்பாகிப் பிரிந்த குடும்பங்கள் பிளாட்பாரத்தில் கதறினால் வேறு எப்படிப் பெயர் வைப்பார்கள்?

இங்கே வந்தவர்களுக்குத் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. இன்றைய டான்டீயின் ஆரம்பம் அதுதான். நீங்கள் போகிற வழியில் போர்டு பார்த்திருப்பீர்களே, ரெப்கோ வங்கி, அதுவும் 1969-ல் தாயகம் திரும்பியவர்களுக்காகத் தொடங்கியதுதான். உதவி உதவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் 'தாயகம் திரும்பியோர்' என்ற அந்தப் பெயரை யோசித்துப் பாருங்கள். அவர்களில் பலர் அதுவரை இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்க்காத ஊருக்கு எப்படித் திரும்புவது? அங்கே இந்தியாக்காரன் என்று துரத்தப்பட்டவன், கூடலூரிலும் கோத்தகிரியிலும் 'சிலோன்காரன்' ஆனான்.

இலங்கையில் மிஞ்சியவர்களுக்கு 2003-ல்தான் முழுசாக விடிந்தது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வசிக்கும் இந்திய வம்சாவளியினரும் அவர்கள் பிள்ளைகளும் ஓர் உறுதிமொழி எழுதிக்கொடுத்தாலே குடிமக்கள் என்று சட்டம் வந்தது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் துணையோடு பத்தே நாட்களில் சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் பேருக்குக் குடியுரிமை தரப்பட்டது. 55 வருடம் இழுத்தடித்ததைப் பத்து நாளில் முடிக்க முடிந்திருக்கிறது என்றால், சிக்கல் காகிதத்தில் இருந்ததா, மனதில் இருந்ததா?

இங்கே கதை இன்னும் முடியவில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களில் மலையகத் தமிழர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. பாரிவாக்கத்தை ஒட்டியிருக்கும் பூந்தமல்லியிலேயே இலங்கைத் தமிழர்களுக்கான 'சிறப்பு முகாம்' ஒன்று பல வருடம் இருந்தது. வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் அடைத்துவைக்கிற முகாம். மற்ற முகாம்களுக்கு 2021-ல் தமிழக அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. அங்கே பிறந்து வளர்ந்து, தமிழ்நாட்டுப் பாடப் புத்தகம் படித்து, காலேஜ் முடித்தவர்களும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான்.

ஒரு சந்து மட்டும் இருக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்த எவரும், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். இதைச் சொல்லித்தான் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் வழக்குப் போட்டார். 2022-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்கு பாஸ்போர்ட் தரச் சொன்னது. கிடைத்தது.

விசா வரிசையில் நிற்கும்போது எரிச்சல் வரும். இத்தனை காகிதம் எதற்கு என்று தோன்றும். அந்த மனுவில் 'குடியுரிமை' என்று ஒரு கட்டம், 'வசிக்கும் நாடு' என்று ஒரு கட்டம். இரண்டையும் யோசிக்காமல் நிரப்ப முடிந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். 1987 ஜூலை 1-ம் தேதி அதே மண்டபத்தில் பிறந்த குழந்தைக்கு அந்த முதல் கட்டத்தில் எழுத 'இந்தியா' கிடையாது. ஒரே ஒரு நாள் வித்தியாசம்.